கலியாணத்துக்குப் பிறகு கூறையைப் பேணுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பெருநிலம் எங்கும் கலியாணம் முடிந்த வீடுகளில் இருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை, தாலி கட்டும்போது மணமகள் உடுக்கும் பட்டுச் சேலையான கூறையைப் பற்றியவை. சட்டை, பட்டு வேட்டி, தேவாலயத் திருமணத்து வெள்ளை உடுப்பு ஆகியவையும் இடையில் வரும்.

கலியாணம் முடிஞ்ச அண்டைக்கே கூறையை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கலாமோ?

வைக்க வேண்டாம். மணவறையில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓமத்தீக்கு முன்னால் இருந்த சேலை, தொட்டுப் பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்தாலும் இடுப்பு மடிப்பிலும் கொய்யகத்திலும் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு மூடினால் இரண்டு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

களைந்தவுடன் முதல் வேலை பின் எல்லாவற்றையும் கழற்றுவது. தோளில், கொய்யகத்தில், தலைப்பில் என்று பத்துப் பன்னிரண்டு பின் குத்தியிருப்பார்கள். எத்தனை குத்தினார்கள் என்று உடுத்திவிட்டவரிடம் கேட்டு எண்ணிக் கழற்றுங்கள். மறந்த ஒரு பின் மழைக்காலத்தில் துருவேறினால் அந்தக் கறை பட்டில் இருந்து போகாது, துரு நூலையும் அரித்துவிடும்.

பிறகு ஒட்டியிருக்கும் பூவிதழ், அறுகரிசி எல்லாவற்றையும் உதறி எடுத்து, இரண்டு கதிரைகளின் முதுகில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு அதன்மேல் சேலையை அகலமாக விரித்து விடுங்கள். அறைக்குள், மின்விசிறிக் காற்றில், ஒரு இரவு. வெயில் வேண்டாம். கம்பிக் கொடியும் வேண்டாம்.

உடன தோய்க்க வேணுமோ, நாலாஞ்சடங்கு எல்லாம் முடியட்டும் எண்டு விடலாமோ?

தண்ணீரில் தோய்ப்பது வேறு, கறையைக் கவனிப்பது வேறு. தோய்க்க அவசரம் இல்லை. கறையைப் பார்ப்பதை மட்டும் மூன்று நாளுக்குள் முடியுங்கள், ட்றை கிளீனிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு கிழமைக்குள் கொடுங்கள். நாலாஞ்சடங்குக்கும் அதே கூறையை உடுப்பதாக இருந்தால் இடையில் முதற் கேள்வியில் சொன்னதுபோல் காயவிட்டு உடுக்கலாம்.

பட்டு ஒரு புரத நூல். நாள்பட்டால் அது பழசாகும், கெட்டுப்போவது குறைவு. கெடுப்பது அதற்குள் நாம் விட்டுவைக்கும் வியர்வை, சீனி, எண்ணெய், ஈரம். வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்யும் சில வேலைகளும் கெடுக்கும். அவை கீழே வரும்.

எங்கட பக்கம் ட்றை கிளீனிங் கடை இல்ல. வீட்டிலயே தோய்க்கேலாதோ?

முதலில் சாயச் சோதனை செய்யுங்கள். சேலையின் உட்தலைப்பில், அதாவது இடுப்பில் செருகும் முனையில், நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு வெள்ளைப் பருத்தித் துணியால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். துணியில் சிவப்பு வந்தால் அந்தச் சேலைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. அரக்குச் சிவப்புக் கூறைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் சாயம் விடும். பச்சைக் கரை வைத்த சிவப்புக் கூறையில் சிவப்பு ஊறிக் கரைக்குப் போனால் திருப்பி எடுக்க வழியே இல்லை.

சாயம் விடவில்லை என்றால், முதலில் கீழ்க்கரையின் உட்புறத்தில் தைத்த பட்டித் துணியை, அதாவது போல்ஸை, பிரித்துவிடுங்கள். அது பருத்தி என்றால் தண்ணீரில் சுருங்கும், பட்டு அதே அளவுக்குச் சுருங்காது, கரை முழுக்கச் சுருக்கம் விழும். பெரிய பாத்திரத்தில் பத்து லீட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி குழந்தைகளின் ஷாம்பு. கலக்கிய பிறகுதான் சேலையைப் போட வேண்டும். மூன்று நிமிடம் மெதுவாக அமுக்கி எடுங்கள், ஊறவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது: பெரிய துவாயில் விரித்துச் சுருட்டி அமுக்கினால் துவாய் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஈரத்தோடு குவித்து வைத்த பத்து நிமிடத்தில்தான் அதிகம் சாயம் ஊறுகிறது. ஆகவே எடுத்த கையோடு நிழலில் விரியுங்கள்.

உடுப்புச் சவர்க்காரம், சலவைத்தூள் இரண்டும் காரத்தன்மை உள்ளவை, பட்டின் பளபளப்பை முதல் தோய்ப்பிலேயே எடுத்துவிடும். குளோரின் வெளுப்பான் பட்டையே கரைத்துவிடும். கடைசி அலசலுக்கு வினாகிரி விடச் சொல்வார்கள். சரிகை இல்லாத பட்டுக்கு அது சரி. செம்புக் கம்பிச் சரிகை என்றால் அமிலம் பட்டுப் பச்சை பூக்கும், விட வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், சரிகை நிறைந்த கூறைக்கு முதற்தடவை ட்றை கிளீனிங்தான் நல்லது. முல்லைத்தீவின் உட்கிராமங்களில் இருப்பவர்கள் மூன்று நாலு வீட்டுச் சேலைகளைச் சேர்த்து, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

கடையில குடுக்கேக்க என்ன சொல்லிக் குடுக்க வேணும்?

கறை எங்கே என்று காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு நல்ல வழி, ஒவ்வொரு கறைக்குப் பக்கத்திலும் வெள்ளைத் தையல்நூலால் ஒரு தளர்ந்த ஓட்டம் போட்டுவிடுவது. அது என்ன கறை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: "தலைப்பில் நெய், மடியில் பால்" என்று. காய்ந்த பால் கடைக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. கஞ்சி போட வேண்டாம், பொலிஷ் வேண்டாம், சரிகைமேல் நேரே அயன் வைக்க வேண்டாம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கல், மணி ஒட்டிய வேலைப்பாடு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ட்றை கிளீனிங் திரவம் பசையைக் கரைத்துக் கல்லை உதிர்த்துவிடும்.

எங்கட கிணத்துத் தண்ணி சவர். அதில அலசினா என்ன?

பூநகரி, கரையோர முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்துச் சவர்த்தண்ணீரும், கேத்திலுக்குள் வெள்ளைப் படிவு விடும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் பட்டுக்கு ஆகாது. உப்பும் சுண்ணாம்பும் நூலில் படிந்து துணி மொறமொறப்பாகும், சிவப்பு மங்கிக் காட்டும். சில குழாய்க்கிணறுகளில் இரும்பு இருக்கும், வெள்ளை வாளியில் செம்மஞ்சள் கோடு விழுவதை வைத்து அறியலாம். அந்தத் தண்ணீர் வெள்ளைப் பட்டு வேட்டியைப் பழுப்பாக்கிவிடும்.

மழைத்தண்ணீர் சேமிப்பவர்கள் அதை மெல்லிய துணியில் வடித்துப் பாவிக்கலாம். கூரையின் முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். ஒரு சேலைக்கு ஷாம்புத் தண்ணீரோடு சேர்த்து நாற்பது லீட்டர் தேவைப்படும்.

மஞ்சள் பட்ட இடத்தில சவர்க்காரம் போட்டன், கறை சிவப்பாப் போச்சு. இனி என்ன செய்யிறது?

பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே விதியால்தான். சவர்க்காரம் நன்றாக அலசப்பட்டதும் கறை மஞ்சளுக்குத் திரும்பும், ஆனால் முழுதாகப் போகாது. ட்றை கிளீனிங்கில் ஓரளவு குறையும். மஞ்சள் கறை வெயிலில் வெளிறும் என்பது வெள்ளைப் பருத்திக்குச் சரி. கூறையை வெயிலில் போட்டால் மஞ்சளோடு கூறையின் நிறமும் போகும். மூலையில் மங்கலத்துக்காகத் தொட்டுவைத்த மஞ்சளை எடுக்கவே வேண்டாம், அது அங்கே இருக்க வேண்டியதுதான்.

குங்குமம் வேறு சங்கதி. கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருக்கும், ஈரம் பட்டவுடன் நூலுக்குள் இறங்கும். ஆகவே ஈரக் கையால் துடைப்பதுதான் பெரிய பிழை. சேலையைக் கவிழ்த்துப் பிடித்து பின்புறத்தில் விரலால் தட்டுங்கள், மிச்சத்தை உலர்ந்த மென்தூரிகையால் ஒரே திசையில் தள்ளுங்கள். சந்தனம் முழுதாகக் காயட்டும், காய்ந்தால் தானாக உதிரும்.

ஓமத்து நெய் தெறிச்சிருக்கு, புகைக்கரியும் பிடிச்சிருக்கு.

நெய்க்கு வாசனை குறைந்த முகப்பவுடர் போதும். கறைக்கு அடியில் பழைய துவாய்த் துண்டை வைத்து, மேலே தடிப்பாகத் தூவி, ஒரு இரவு விட்டுத் தட்டி எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரலாம். அரிசிமா, கோதுமை மா தூவ வேண்டாம், நூலிடுக்கில் நின்று பூச்சியைக் கூப்பிடும். கரிக்குத் தேய்ப்பு ஆகாது. ஊதிவிடுங்கள், மிச்சத்தைக் கடைக்கு விடுங்கள்.

கறை ஒண்டும் இல்லாமத்தான் வச்சனான். ஆறு மாசத்தால எடுத்துப் பார்க்க மடியில மண்ணிறப் பொட்டுப் பொட்டா இருக்கு. ஏன்?

இது அநேகமாகப் பால்பழம். மணமக்களுக்குப் பாலும் வாழைப்பழமும் கொடுக்கும்போது சிந்தும் துளிகள், உறவினர் கையில் கொண்டுவந்து கொடுக்கும் சோடா, பானம், இவை காய்ந்தவுடன் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் சீனி காற்றும் சூடும் பட்டு மெல்ல மெல்ல மண்ணிறமாகும். மேலே அயன் வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ட்றை கிளீனிங் திரவம் எண்ணெயைக் கரைக்கும், சீனியைக் கரைக்காது. சீனிக்குத் தண்ணீர்தான் வேண்டும். அதனால்தான் கடையில் "பால்" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னோம், தெரிந்தால் அவர்கள் அந்த இடத்தைத் தனியாகக் கவனிப்பார்கள். கலியாணத்து வீடியோவைப் பார்த்தால் எது எங்கே சிந்தியது என்று பிடித்துவிடலாம். மண்ணிறமாகிப் பல மாதம் ஆன பொட்டு முழுதாகப் போவது அரிது. வீட்டில் ஒரு பொட்டை மட்டும் நனைத்துத் தேய்த்தால் அதைச் சுற்றி ஒரு தண்ணீர் வளையமும் சேரும்.

வாழைக் கயர் பட்டது போகுமோ?

போகாது. பந்தலில் கட்டிய வாழையின் சாறு பட்டால் அந்த மடிப்பை உள்ளே வரும்படி உடுப்பதுதான் வழி.

சட்டையின்ர கக்கம் வெளிறி மஞ்சளாப் போச்சு. சேலையோட சேத்து வைக்கலாமோ?

சேர்த்து வைக்க வேண்டாம். வியர்வையின் உப்பும், வியர்வையைத் தடுக்கப் பூசுபவற்றில் உள்ள அலுமினிய உப்பும் பட்டை முதலில் நிறம் மாற்றும், பிறகு நூலை இற்றுப்போகச் செய்யும். கக்கம் கிழியும் சட்டைகள் பல இதனால்தான் கிழிகின்றன. கலியாணத்தன்றே சட்டையை உட்புறம் வெளியே திருப்பிக் காற்றில் போடுங்கள். உள்துணி பருத்தியாக இருந்தால், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் உள்துணியை மட்டும் ஒற்றி எடுங்கள். வெளிறிய நிறம் திரும்ப வராது. கலியாணம் இனித்தான் என்றால், தையற்காரரிடம் கக்கத்துக்குப் பிரித்தெடுக்கக் கூடிய பருத்தித் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கடையில தந்த பொலித்தீன் உறைக்குள்ளயே வச்சா தூசி படாதுதானே?

தூசி படாது, ஆனால் மூச்சும் விடாது. பகல் வெக்கையில் உள்ளே இருக்கும் சிறிது ஈரம் ஆவியாகி இரவில் உறையின் உட்புறத்தில் வியர்க்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் இது தினமும் நடக்கும்.

பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கஞ்சி இல்லாமல் இரண்டு முறை தோய்த்து, நீலம் போடாமல் காயவைத்து, அதில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும். பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டும், தாளின் அமிலம் பட்டைப் பழுப்பாக்கும். இறப்பர் பட்டி போடவே கூடாது, அதில் உள்ள கந்தகம் சரிகையைக் கறுக்கச் செய்யும்.

அலுமாரியில் நடுத்தட்டே நல்லது. தகரக் கூரை வீட்டில் மேல்தட்டு அடுப்புப்போல் கொதிக்கும், கீழ்த்தட்டில் ஈரமும் எலியும். அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினால் கரையான் ஏறும் மண்கோடு கண்ணில் படும். றங்குப்பெட்டி என்றால் உள்ளே துருவைத் தேய்த்து, இரண்டு மடிப்புப் பருத்தித் துணி விரித்து வையுங்கள்.

பூச்சி உருண்டை எத்தின போட வேணும்?

ஒன்றும் வேண்டாம் என்பதே எங்கள் பதில். நப்தலின் மணம் பட்டில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது, உருண்டை தொட்ட இடத்தில் சரிகையும் மங்கலாம். கற்பூரத்தையும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் சுமார் 32 பாகை வெப்பத்திலேயே உருகித் திரவமாகும். வன்னியில் அந்தச் சூடு சாதாரணம், சேலையில் எண்ணெய்க் கறைபோல ஊறிவிடும்.

இதைவிட முக்கியமானது குழந்தை. ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு நப்தலின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். நப்தலின் போட்ட துணியைக் காற்றாடவிடாமல் பிறந்த பிள்ளையைச் சுற்ற எடுக்கவே கூடாது.

கராம்பு, காய்ந்த வேப்பிலை, வசம்பு ஆகியவற்றைச் சிறு துணிப்பையில் கட்டி அலுமாரியின் மூலையில் வைக்கலாம், சேலையைத் தொடக் கூடாது. அவை பூச்சியை ஓரளவு விலக்கும், கொல்லாது. பட்டை அரிக்கும் புழு வியர்வையும் உணவுத்துளியும் உள்ள இடத்தைத் தேடித்தான் வருகிறது, சுத்தமான சேலையே பெரிய காவல். ஏற்கனவே ஓட்டை விழுந்து புழுத்தூள் தெரிந்தால், சேலையைப் பருத்தியில் சுற்றிப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் கட்டு அவிழ்க்காமல் விட்டுத்தான் திறக்க வேண்டும். உறை இங்கே மட்டும்தான் உதவும்.

எத்தின மாசத்துக்கு ஒருக்கா எடுத்து உதற வேணும்?

மடிப்பு மாற்றுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காற்றாட விடுவது ஆண்டுக்கு இருமுறை. வாடை மழை ஓய்ந்து ஈரம் இறங்கிய மாசி, பங்குனி ஒன்று. அடுத்த மழை தொடங்கமுன் புரட்டாதி இன்னொன்று. சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் விரித்தால் கிரவல் வீதிப் புழுதி முழுக்கச் சேலையில்தான், அந்தச் செம்மண் நூலிடுக்கில் அரம்போல் உராயும். எப்போது எடுத்தாலும் அறைக்குள், காலை வெயில் ஏறிய பிறகு, இரண்டு மணித்தியாலம் போதும். கார்த்திகை, மார்கழியில் கட்டை அவிழ்க்காமல் இருப்பதே நல்லது.

சரிகைக் கம்பி பட்டைவிடக் கடினம், ஒரே கோட்டில் மடிந்தே இருந்தால் அந்தக் கோட்டில் பட்டை அறுத்துவிடும். சரிகைத் தலைப்பை உட்பக்கமாக வைத்து, மடிப்புகளின் வளைவுக்குள் சுருட்டிய பருத்தித் துணியை வைத்தால் கூரான மடிப்பு விழாது. நீண்டகாலம் தொங்கவிடுவதும் பிழை: கனமான கூறை தன் பாரத்தாலேயே தொங்கும் கோட்டில் நைந்துபோகும்.

அயன் பண்ணுவதானால் பின்புறத்தில், இளஞ்சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டு. தண்ணீர் தெளிக்க வேண்டாம். சிரட்டைக்கரி அயன்பெட்டியைக் கூறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், ஒரு பொறி போதும்.

சரிகை கறுத்துப்போச்சு. புளி போட்டு மினுக்கலாமோ?

குத்துவிளக்குக்குச் செய்வதைச் சேலைக்குச் செய்யக் கூடாது. நல்ல சரிகை பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் பொன் பூசியது. காஞ்சிபுரச் சேலைகளுக்குக் குஜராத்தின் சூரத்தில் இருந்து வரும் சரிகை பேர்பெற்றது. பொன் பூச்சு மெல்லியது, புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் கறுப்போடு பொன்னும் போய்விடும்.

உங்களுடையது எது என்று அறிய, உட்தலைப்பில் பிரிந்து நிற்கும் ஒரு சரிகை நூலை நகத்தால் உரசுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் வெள்ளிச் சரிகை. மினுக்கம் ஏடாக உரிந்தால் பிளாஸ்ரிக் சரிகை, அது கறுக்காது, சூட்டில் சுருங்கும். செம்புச் சரிகைதான் சீக்கிரம் கறுக்கும். கறுத்ததை வீட்டில் திருப்ப முடியாது. மேலும் கறுக்காமல் வைக்கலாம்: இறப்பர், கம்பளி, சாம்பிராணிப் புகை, வாசனைத் திரவியம் நான்கையும் தள்ளி வையுங்கள்.

சேர்ச்சில கலியாணம் செய்த வெள்ளை உடுப்பு ஒரு வருசத்தில மஞ்சளாப் போச்சு. எங்களுக்கும் இதே முறையோ?

முதலில் துணி என்ன என்று பாருங்கள். இப்போது தைக்கும் வெள்ளைக் கவுண்களில் அநேகம் பொலியெஸ்ரர் சற்றினும் வலையும். அவை தண்ணீரில் தோய்க்கக் கூடியவை. விளிம்பில் பிடித்த செம்மண்ணை முதலில் காயவிட்டுத் தூரிகையால் உதறுங்கள், ஈரத்தோடு தேய்த்தால் உள்ளே இறங்கும். பிறகு முழு உடுப்பையும் இளஞ்சூட்டு நீரில் மென்மையான திரவச் சலவைப்பொருளோடு ஊறவைக்கலாம். மஞ்சளுக்கு ஒட்சிசன் வகை வெளுப்பானைப் பொதியில் உள்ள அளவில் பாவிக்கலாம், குளோரின் வகை வேண்டாம். முத்து, கல் தைத்ததா ஒட்டியதா என்று பார்த்தே நனையுங்கள். வெள்ளைச் சேலை பட்டாக இருந்தால் இவை ஒன்றும் பொருந்தாது, கூறைக்குச் சொன்னதே அதற்கும்.

பிள்ளையின் முதல்நன்மைக்கு வெட்டித் தைக்க நினைப்பவர்கள் இப்போதே வெட்ட வேண்டாம். முழுதாகத் தோய்த்து வைத்து, பிள்ளை அந்த வயதுக்கு வந்த பிறகு அளவெடுங்கள்.

மாப்பிள்ளையின்ர பட்டு வேட்டி?

உண்மைப் பட்டா செயற்கைப் பட்டா என்று ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் கருகும் மணமும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் பட்டு. கடதாசி எரியும் மணம் என்றால் செயற்கைப் பட்டு, உருகிக் கட்டியானால் பொலியெஸ்ரர். பட்டுக்கு மேலே சொன்ன ஷாம்பு முறை. வெள்ளையாயிற்றே என்று நீலம் போட வேண்டாம், திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

கூறையைத் திரும்ப உடுக்கலாமோ? வெட்டிப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாமோ?

உடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோயிலுக்கு உடுத்துக் காற்றாடவிட்டு வைக்கும் கூறை, இருபது ஆண்டு பெட்டிக்குள் கிடக்கும் கூறையைவிட நன்றாக இருக்கும். சில குடும்பங்களில் கூறையை வெட்டுவதில்லை, பெரியவர்களைக் கேட்டு முடிவெடுங்கள். பாவாடை தைக்க, கூறை மாற்றமுன் உடுத்திருந்த மணவறைச் சேலை இருக்கிறதுதானே.

ஆனால் கூறையில் ஏணை கட்டாதீர்கள். பட்டு வழுக்கும், முடிச்சு நழுவும். பாரம் ஒரே கோட்டில் இழுக்கச் சரிகையோரம் கிழியும், சிறுநீர் பட்ட பட்டும் தேறாது. ஏணைக்கு நூல்சேலைதான்.

அம்மாவின்ர கூறை இடம்பெயர்வுக்குள்ள எல்லாம் தூக்கித் திரிஞ்சது. மடிப்பெல்லாம் விட்டுப்போச்சு, மண்மணம். ஏதாவது செய்யலாமோ?

செய்யலாம், செய்ய வேண்டும். 2009இல் சேலைகளை மண்மூட்டையாகத் தைத்துப் பங்கர் கட்டிய மண் இது. அதற்குள்ளால் வந்து சேர்ந்த ஒரு கூறைக்கு ஈடு எந்தக் கடையிலும் இல்லை.

தோய்க்கக் கூடாது, ட்றை கிளீனிங்கும் கூடாது, பொலிஷ் கடைக்குக் கொடுக்கவே கூடாது. உருளையில் இழுக்கும் இழுவைக்கே பிரிந்துவிடும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு மடிப்பை அவிழ்க்க ஒரு நாள் என்ற பொறுமையோடு பிரியுங்கள். பூஞ்சணம் இருந்தால் வெளியே நிழலில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, மென்தூரிகையால் தள்ளுங்கள். மணம் நாலைந்து நாள் நிழற்காற்றில் குறையும். பூஞ்சணத்தின் கறுத்த பொட்டு போகாது, அதை விட்டுவிடுங்கள்.

விட்டுப்போன மடிப்புக்குப் பின்னால், தோய்த்துச் சுருங்கவைத்த அதே நிற மெல்லிய பருத்தித் துணியை வைத்து, ஆக மெல்லிய ஊசியால் பட்டு நூல் கொண்டு தளர்வாக ஓட்டம் போடுங்கள். இழுத்துத் தைத்தால் தையலோரமே புதிதாகக் கிழியும். பசையும், அயன் வைத்து ஒட்டும் துணியும் வேண்டாம். பிறகு மடிக்காமல், வெள்ளைத் துணி சுற்றிய தடித்த கடதாசிக் குழலில் சரிகை உட்பக்கமாக வரச் சுருட்டி வையுங்கள்.

அந்தக் கூறையை என்ர கலியாணத்துக்கு உடுக்க ஆசை. தாங்குமோ?

உட்தலைப்பில் ஒரு சாண் அகலத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரசரவென்ற சத்தம் வந்தாலோ நூல் விலகினாலோ இடுப்பில் செருகும் இழுவையைத் தாங்காது. அப்படியானால் தாலி கட்டும் நேரத்தில் மட்டும் சால்வைபோல் தோளில் போர்த்திக்கொள்ளலாம். பின் குத்த வேண்டாம், தோளில் இரண்டு தளர்ந்த தையல் போட்டு முடிந்தவுடன் வெட்டிவிடுங்கள். போர்த்திக்கொண்டு ஓமத்தீக்குக் கிட்டப் போக வேண்டாம்.